டேத்தம் கலைக்கூடத்தில் நம் சமூக நிகழ்ச்சி: கடிதம் அனுப்பும் முன் உங்கள் கருத்து வேண்டும்

நார்த்டேல் டீச்சர் எழுதியது:

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம் தமிழர் எல்லோருக்கும் வணக்கம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறவர்கள் கட்டாயம் படியுங்கள். டர்பன்காரர்களும் சொல்லுங்கள், அனுபவம் உங்களிடம்தான் அதிகம்.

நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, கோயில் பெண்கள் குழு, நடன வகுப்பு மூன்றும் சேர்ந்து டேத்தம் கலைக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றிருக்கிறோம். சிட்டி ஹாலுக்கு எதிரே, பழைய சுப்ரீம் கோர்ட் கட்டடத்தில் இருக்கிறதே, அதுதான். நுழைவுக் கட்டணம் கிடையாது, திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும். நார்த்டேலிலிருந்து டாக்ஸி பிடித்தால் சீக்கிரமே போய்விடலாம். இருந்தும் நம் வீடுகளில் பாதிப்பேர் உள்ளே போனதில்லை.

இப்போதைக்கு நாங்கள் யோசித்து வைத்திருப்பது இது. செப்டம்பர் 24 பாரம்பரிய நாள் விடுமுறை. அன்று காலையில் தவில், நாதஸ்வரம். பிறகு பரதநாட்டியம், கோலப்போட்டி, சேலை கட்டிக் காட்டுவது, சாப்பாட்டுக் கடைகள். பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டியும் உண்டு. மாலைக்குள் முடித்துவிடலாம்.

கடிதம் இன்னும் போகவில்லை. எது சரி, எது தப்பு என்று இப்போதே சொன்னால் திருத்திவிடலாம்.

---

ரைஸ்தோர்ப் பெரியவர் எழுதியது:

நல்ல காரியம் அம்மா. செய்யுங்கள். கோயில் கமிட்டி சார்பில் என்ன உதவி வேண்டுமோ கேளுங்கள்.

ஆனால் தேதியை மாற்றுங்கள். செப்டம்பர் 24 எப்போதும் புரட்டாசிக்குள்தான் வரும். நம்மில் பெரும்பாலான வீடுகளில் அந்த மாதம் முழுக்க விரதம். ஊரில் மற்றவர்கள் அன்றைக்கு பிராய் போட்டு இறைச்சி சுடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அது அவர்கள் வழக்கம். ஆனால் வெளியே புகையும் கறியுமாக இருக்கும் இடத்துக்கு விரதக்காரக் கிழவிகளை எப்படிக் கூட்டிப் போவீர்கள்? புரட்டாசி சனிக்கிழமை பெருமாள் பூசையை விட்டுவிட்டு ஒத்திகைக்கு வா என்றால் தவில்காரர்களும் வரமாட்டார்கள்.

இன்னொன்று. நம் ஆட்கள் அங்கே போகாததற்குச் சோம்பல் காரணமில்லை. என் இளமையில் அந்தப் படங்களெல்லாம் சிட்டி ஹால் மாடியில் இருந்தன. வரி கட்ட, லைசன்ஸ் வாங்க அந்தக் கட்டடத்துக்குள் போயிருக்கிறோம். மாடிப்படி ஏறியதில்லை. பூங்கா பெஞ்சு முதல் தபால் ஆபீஸ் வாசல் வரைக்கும் வெள்ளையருக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி என்று சட்டம் போட்டிருந்த காலம். 1953இல் வந்த அந்தச் சட்டத்தை 1990இல்தான் எடுத்தார்கள். கலைக்கூடம் கோர்ட் கட்டடத்துக்கு மாறியதும் அதே 1990தான். அதற்குள் எங்கள் தலைமுறைக்குப் பழக்கம் ஊறிப்போயிற்று. 'அது நமக்கான இடமில்லை' என்று யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்கள் போகாததைப் பார்த்தே அவர்களும் போகவில்லை.

அதனால் ஒருநாள் வாத்தியம் வாசித்துக் கூட்டம் சேர்த்தால் மட்டும் போதாது என்று எனக்குப் படுகிறது. மறுவாரம் யார் வருவார்கள்?

---

சாட்ஸ்வொர்த் செல்வி எழுதியது:

பெரியவர் கடைசியில் கேட்ட கேள்வியையே நானும் பிடித்துக்கொள்கிறேன். நான் நுண்கலை படித்தவள். கொஞ்சம் காரமாகவே எழுதப்போகிறேன், டீச்சர் அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் எழுதிய பட்டியலை கேட்வே மாலிலும் நடத்தலாம், தீபாவளிக்கு நடத்துகிறார்கள். நடனம், சேலை, சமூசா. ஒரு கலைக்கூடத்திடம் போய் நாம் கேட்க வேண்டியது மேடையும் மைக்கும்தானா? அங்கே இருக்கிற மற்ற எதையும் கேட்கக் கூடாதா? சுவர் இருக்கிறது. படத்துக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டையை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய பொருளைக் கெடாமல் வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்க்கக் கற்றுத்தருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த உள்வேலையில் நமக்குப் பங்கு கேட்க வேண்டும்.

நேட்டாலின் பழைய கோயில்களைப் பாருங்கள். கோத்தனார் ராமசாமிப் பிள்ளை எத்தனை கோயில் கட்டினார்! அவரும் அவரைப் போன்றவர்களும் செங்கல்லும் சுண்ணாம்பும் சிமென்ட்டும் வைத்து, இங்கே கிடைத்த பெயின்ட்டைப் பூசி, விமானத்தில் நிறுத்திய உருவங்கள் இந்த நாட்டின் சிற்பக்கலை இல்லையா? கரும்புத் தோட்டத்து ஆட்கள் காசு சேர்த்துக் கொடுத்து எழுந்தவை அவை. தென்னாப்பிரிக்கக் கலை வரலாறு என்று நான் படித்த வகுப்பில் அந்தப் பெயரை ஒருவரும் உச்சரிக்கவில்லை. காவடி கட்டுகிறவர், தேர் அலங்காரம் செய்கிறவர், சாமிக்குப் பூ ஜோடிக்கிறவர் எல்லோரையும் 'கலாசாரம்' என்ற பெட்டியில் போட்டு, வருஷத்துக்கு ஒருநாள் திறந்து மூடிவிடுகிறோம்.

ஆர்ட்மோர் மட்பாண்டங்களை டேத்தமில் பார்த்திருப்பீர்கள். 1985இல் ஃபே ஹால்ஸ்டெட் டிராக்கன்ஸ்பர்க் அடிவாரத்துப் பண்ணையில் தொடங்கிய பட்டறை. அங்கே வேலை கற்ற பானி ந்ட்ஷாலின்ட்ஷாலி 1990இல் ஸ்டாண்டர்ட் பேங்க் இளம் கலைஞர் விருதை ஹால்ஸ்டெட்டோடு பகிர்ந்துகொண்டார். ஒரு பண்ணைத் தொழிலாளியின் மகள். அவர் வண்ணம் தீட்டிய களிமண் கலைக்கூடத்துக்குள் போக முடிந்தது என்றால் நம் கோயில் கைவேலையும் போக முடியும். யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நிகழ்ச்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. டர்பன் கலைக்கூடம் 1998இல் 'ரெட் ஐ ஆர்ட்' தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை இரவில் டர்பன் சிட்டி ஹால் மாடியில் இசை, நடனம், ஃபேஷன், அதுவும் ஓவியங்கள் இருக்கும் அறைகளுக்குள்ளேயே. அதுவரை அந்தப் படியில் கால் வைக்காத இளைஞர்கள் வந்தார்கள். கூட்டம் வாசலோடு திரும்பவில்லை, படங்களுக்கு நடுவில்தான் நின்றது. அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

---

நார்த்டேல் டீச்சர் எழுதியது:

கோபமில்லை செல்வி. தேதி விஷயத்தில் பெரியவர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நவம்பர் 16 எப்படி? 1860இல் முதல் ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பன் துறைக்கு வந்த நாள்.

---

பெட்டகம் எழுதியது:

நவம்பர் வேண்டாம் டீச்சர். பள்ளிகளில் ஆண்டிறுதித் தேர்வு, மெட்ரிக் பரீட்சையும் அப்போதுதான். பிள்ளைகளும் வரமாட்டார்கள், ஆசிரியர்களும் வரமாட்டார்கள். மேலும் மாரிட்ஸ்பர்க்கில் மதியம் ஆனால் இடியும் மழையும். முற்றத்தில் எதுவும் வைக்க முடியாது.

மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள். 1977 முதல் உலகம் முழுக்கக் கொண்டாடுகிறார்கள். நமக்கு அது வறண்ட காலம், வெயிலும் இதமாக இருக்கும். புனித வெள்ளித் தீமிதி முடிந்து கோயில் ஆட்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கும். அருங்காட்சியகங்களே அந்த வாரம் மக்களை அழைக்க ஏதாவது செய்ய நினைப்பார்கள். அதையொட்டிய சனிக்கிழமையைக் கேளுங்கள்.

நான் ஒரு அருங்காட்சியகத்தின் சேமிப்பறையில் வேலை பார்க்கிறேன். எந்த ஊர் என்று சொல்லத் தேவையில்லை. நம் சமூகக் குழுக்களும் அருங்காட்சியக ஆட்களும் எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்திருப்பதால் சில விஷயங்களை விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அரிசிமாவு. கோலத்தை அறைக்குள் போட அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. எறும்புக்கும் பூச்சிக்கும் உணவாகட்டும் என்றுதானே வாசலில் மாக்கோலம் போடுகிறோம்? அதே பூச்சி உள்ளே வந்தால் காகிதத்தையும் துணியையும் தின்னும். ராமபாணப் பூச்சிக்குக் காகிதத்தில் இருக்கும் பசை பிடிக்கும். கம்பள வண்டின் புழு பட்டுத் துணியையும் கம்பளியையும் தின்னும். அதனால் கோலம் முற்றத்தில், அல்லது கல்மாவில். முற்றத்துக் கோலம் குறைந்ததல்ல, வாசலில் இருக்க வேண்டியதுதானே அது.

இரண்டாவது, தீ. குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எதுவும் உள்ளே முடியாது. தீ விபத்து ஒரு பயம். எண்ணெய்ப் புகை படத்தின் மேல் படிவது இன்னொரு பயம், அது படிந்தால் எடுப்பது பெரும்பாடு. நம் ஆட்களுக்கு விளக்கேற்றாமல் எதையும் தொடங்க மனம் வராது, எனக்கும் வராது. கட்டடத்துக்கு வெளியே, தலைவாசலுக்குத் தள்ளி ஏற்றலாமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அன்று காலையில் போய் வாக்குவாதம் செய்தால் காவலாளிதான் பாவம்.

மூன்றாவது, பூ. மாலையோடு பூச்சி வரும். தண்ணீர்ச் செம்பும் வேண்டாம்.

நான்காவது, வெளிச்சம். பழைய சேலை, நீர்வண்ணம், புகைப்படம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மட்டும்தான் வைப்போம். எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். ஏன் இவ்வளவு இருட்டு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். வெளுத்த சாயம் திரும்ப வராது, அதனால்தான். சேலையை மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் தொங்க விடவும் மாட்டோம், பிறகு நெடுநாள் இருட்டில் ஓய்வு. 'எங்கள் ஆயா சேலையை வாங்கி உள்ளே ஒளித்துவிட்டார்கள்' என்ற மனத்தாங்கல் இங்கேதான் பிறக்கிறது. முன்பே விளக்கிச் சொன்னால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

செல்வி சொன்னதை நான் முழுக்க ஆதரிக்கிறேன். ஒருநாள் விழாவை நடத்தித் தருவது எங்களைப் போன்ற இடங்களுக்கு எளிது. நாற்காலி போட்டு, படம் எடுத்து, ஆண்டறிக்கையில் போட்டுவிடலாம். சேமிப்பறைக் கதவைத் திறந்து, 'இது என்ன, யார் செய்தது, எப்படிச் சொல்ல வேண்டும்' என்று பெரியவர்களைக் கேட்பதுதான் கடினம். நீங்கள் கடினமானதைக் கேளுங்கள். எளிதானது கூடவே வரும்.

---

காரைக்குடியான் உம்லாங்கா எழுதியது:

நான் வேலைக்காக டர்பன் வந்தவன், தமிழ்நாட்டுக்காரன். வெளியாள் கருத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996இல் திறந்தது. பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே கட்டியிருப்பார்கள். செட்டிநாட்டு வீடும் அங்கே உண்டு. குயவர் சக்கரம் சுற்றுவார், நீங்களும் கை வைக்கலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைகளை நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவோம். தட்சிணசித்ராவில் பிள்ளைகள் நாள் முழுக்க இருப்பார்கள். டேத்தம் முற்றத்தில் அந்த மாதிரி செய்யலாமே? தமிழ்நாட்டிலிருந்து கைவினைக் கலைஞர்களை வரவழைக்கலாம்.

---

சாட்ஸ்வொர்த் செல்வி எழுதியது:

அண்ணா, கை வைத்துச் செய்யும் யோசனை அருமை. ஆனால் கலைஞரை அங்கிருந்து வரவழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விமான டிக்கெட்டுக்குச் செலவாகும் காசை இங்கே காவடி கட்டும் தாத்தாக்களுக்குக் கொடுக்கலாம். 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள், பெரும்பகுதி மதராஸ் துறையிலிருந்து. அவர்களின் கையில் இந்த மண்ணில் வளர்ந்தது வேறு ஒரு கைவேலை. நாம் அசல் இல்லை, அசல் அங்கே இருக்கிறது என்று நம் பிள்ளைகளுக்கு இன்னொரு தடவை சொல்லிக்கொடுக்க வேண்டாமே.

---

காரைக்குடியான் உம்லாங்கா எழுதியது:

சரியாகச் சொன்னாய் தங்கச்சி. அப்படியென்றால் நான் வேறு விதத்தில் வருகிறேன். பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்து எழுத்தாக்கும் வேலையை என்னிடம் கொடுங்கள். வேகமாகத் தட்டச்சு செய்வேன்.

---

மெரிபேங்க் பேத்தி எழுதியது:

எங்கள் ஆயா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"பிள்ளைங்களே, என் மாமியார் வச்சிருந்த வெள்ளித் தண்டை, ஒரு பித்தளைச் சொம்பு, பட்டுச் சேலை ஒண்ணு, கல்யாணப் படம் எல்லாம் தகரப் பெட்டியில இருக்கு. என் காலத்துக்கு அப்புறம் யாரு பார்ப்பாங்கன்னு கவலையாத்தான் இருக்கு. ஆனா கொடுக்க மாட்டேன். முன்னே ஒரு தடவை கண்காட்சின்னு சொல்லி எங்க மாமனார் படத்தை வாங்கிட்டுப் போனாங்க. வரவே இல்லை. கேட்டா, வாங்கின ஆளு வேலையை விட்டுப் போயிட்டாருன்னாங்க. அதுல இருந்தவரு முகம் வேற எந்தப் படத்திலயும் இல்ல."

எங்கே, யார் என்று ஆயா சொல்ல விரும்பவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இதே கதையை மெரிபேங்கில் வேறு வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். 'பொருள் கொண்டு வாருங்கள்' என்று அறிவிப்பு வைத்தால் ஒருவரும் கொண்டுவர மாட்டார்கள், அக்கா.

---

பெட்டகம் எழுதியது:

ஆயாவிடம் சொல்லுங்கள், அவர் கொடுக்க வேண்டியதில்லை.

அன்றைக்கு ஒரு மேசையில் ஸ்கேனரும் நல்ல கேமராவும் வைக்கலாம். ஆயா பெட்டியோடு வந்து, தன் கண்ணெதிரே படமெடுக்கவிட்டு, கையோடு எடுத்துப் போகலாம். பொருள் அவர் கையை விட்டுப் போகாது. படத்தின் ஒரு பிரதியும் அன்றே அவருக்கு. யார் படத்தில் இருக்கிறார்கள், எந்த மில் பாரக்ஸ் (தொழிலாளர் குடியிருப்பு), எந்தக் கோயில் என்று அவர் சொல்வதைக் காரைக்குடி அண்ணன் எழுதிக்கொள்ளட்டும்.

கண்காட்சிக்குக் கொடுக்க விரும்பினால் கடன் ஒப்பந்தம் என்று ஒரு தாள் இருக்கிறது. எந்தத் தேதியில் வாங்குகிறோம், எந்தத் தேதியில் திருப்பித் தருகிறோம், பொருள் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, எங்கே கிழிசல், எங்கே கறை, காப்பீடு எவ்வளவு என்று அதில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நகல் குடும்பத்திடம் இருக்கும். அந்தத் தாள் இல்லாமல் யார் கேட்டாலும், அது நானே ஆனாலும், ஒரு படத்தையும் கொடுக்காதீர்கள்.

தகரப்பெட்டி சேலைக்கும் ஒரு வார்த்தை. அந்துருண்டை போட்டிருந்தால் எடுத்துவிட்டு, பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் பல வருஷம் விட்டால் ஜரிகை அந்த மடிப்பிலேயே ஒடியும், அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள். பூச்சி அரித்த துணியை நாங்கள் உறையில் அடைத்து மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே ஒரு வாரம், இரண்டு வாரம் வைப்போம். வண்ணம் பூசிய மரத்துக்கு அந்த வைத்தியம் வேண்டாம், பெயின்ட் உதிரும்.

குடும்பத்தில் யாருக்காவது முன்னோரின் குடியேற்ற எண் தெரிந்தால் எழுதி எடுத்து வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கூலிக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். குவாஸூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி லுதுலி ஆவண மையத்தில் கப்பல் பட்டியல் விவரங்களைத் தேடலாம். படமும் எண்ணும் பேரும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் அந்தத் தண்டை யார் காலில் கப்பலேறியது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல முடியும்.

---

மெரிபேங்க் பேத்தி எழுதியது:

வாசித்துக் காட்டினேன். "அப்படின்னா வர்றேன், பெட்டி என் மடியிலதான் இருக்கும்" என்கிறார். மாடிப்படி ஏற முடியாதவர்களுக்கு என்ன வசதி என்று கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

---

ஃபீனிக்ஸ் குமார் எழுதியது:

இதுவரை எழுதியதில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. எல்லாம் நம் பெட்டி, நம் சேலை, நம் கோயில். பக்கத்து வீட்டு ஸூலு ஆப்பிரிக்கர்கள் எங்கே?

நான் டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருக்கிறேன். 2021 ஜூலைக் கலவரத்தில் இங்கே என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். உயிர்கள் போயின. இன்னும் இரண்டு பக்கமும் பேசாமல் இருக்கிற தெருக்கள் உண்டு. மாரிட்ஸ்பர்க்கிலும் கடைகள் எரிந்தன. இப்படிப்பட்ட ஊரில், வரி எல்லோரும் கட்டி நடக்கும் நகராட்சிக் கலைக்கூடத்தில், நாம் மட்டும் ஒரு நாளைக் கேட்டு வாங்கி நம் வாத்தியத்தை வாசித்துவிட்டுப் போவது எனக்குப் போதவில்லை.

---

ரைஸ்தோர்ப் பெரியவர் எழுதியது:

தம்பி, உன் ஆதங்கம் புரிகிறது. நான் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் நடந்த 1949 கலவரத்தைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். ஆனால் எல்லாவற்றிலும் எல்லோரையும் சேர்த்தால் எதுவும் உருப்படியாக நடக்காது. நம் பிள்ளைகளுக்கு நம்முடையது முதலில் தெரியட்டும். மொழி ஏற்கெனவே பாதி போய்விட்டது.

---

ஃபீனிக்ஸ் குமார் எழுதியது:

ஐயா, நம்முடையதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒரே மேசையில் இரண்டு கைவேலை வைக்கலாம் என்கிறேன். மணிகோப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸூலுப் பெண்களின் மணிவேலையில் நிறத்துக்கும் வரிசைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஊருக்கு ஊர் மாறும், பார்த்தவுடன் எந்தப் பக்கத்துப் பெண் என்று சொல்லிவிடுவார்கள். நம் கோலத்துக்கும் புள்ளிக் கணக்கு உண்டு. டெலிபோன் வயரில் இம்பெங்கே என்ற கிண்ணம் பின்னுகிறார்களே, அந்த வட்டம் நடுவிலிருந்துதான் விரியும், சிக்குக்கோலத்துக்காரி ஒருத்தி அதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. இரண்டு பாட்டிகளை எதிரெதிரே உட்கார வைத்து, நடுவில் இரண்டு தரப்புப் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். மொழிபெயர்ப்புக்கூட அதிகம் தேவைப்படாது.

மாரிட்ஸ்பர்க்கிலேயே ம்சுண்டுசி அருங்காட்சியகம் இருக்கிறது. ஃபோர்ட்ரெக்கர்கள் என்ற டச்சு வழி வெள்ளைக் குடியேறிகளின் நினைவுக்காக வைத்தது. இன்று அந்த வளாகத்தில் ஸூலு குடிலும் இருக்கிறது, சிவன் கோயில் மாதிரியும் இருக்கிறது. அங்கே அப்படி முடிந்ததென்றால் ஒரு மேசை போடுவது பெரிய காரியமா?

---

ரைஸ்தோர்ப் பெரியவர் எழுதியது:

கோலமும் மணியும் ஒரே மேசையில். சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் அம்மா ஒருவர் நன்றாக மணி கோப்பார், கேட்டுப் பார்க்கிறேன். அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும், அன்பளிப்பு என்று பழத்தட்டு கொடுத்து அனுப்பக் கூடாது.

இன்னொரு யோசனை. தெருக்கூத்து. ஆறடி ஆட்டம் என்று சொன்னால் இளசுகளுக்குப் புரியும். கோயிலில் விடிய விடிய நடக்கும். இப்போது ஆட ஆளில்லை, பார்க்கவும் ஆளில்லை. கலைக்கூடத்தில் அரை மணி நேரம் போடச் சொல்வார்கள் என்று பயமாக இருக்கிறது. விடிய விடிய ஆட வேண்டியதை அரை மணியாக வெட்டினால் அது கூத்தே இல்லை. அதற்குப் போடாமலே இருக்கலாம்.

---

சாட்ஸ்வொர்த் செல்வி எழுதியது:

தாத்தா, ஆட வேண்டாம். வேஷம் கட்டிக் காட்டட்டும்.

கூத்துக்காரர் ஒருவர் முகத்தில் அரிதாரம் பூச உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் இலேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டியது. ஒவ்வொன்றாகக் கட்டி எழுந்து நிற்கும்போது ஆள் வேறாகிவிடுவார். அதை மக்கள் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். எந்த நிறம் எந்தப் பாத்திரத்துக்கு, ஏன் என்று அவரே சொல்லட்டும். அரை மணிக்கு வெட்டப்பட்ட கூத்தைவிட இது முழுமையாக இருக்கும். ராத்திரி கூத்து எப்போது, எந்தக் கோயிலில் என்று அங்கேயே சீட்டு ஒட்டிவிடலாம். பார்த்தவர்களில் சிலராவது அங்கே வருவார்கள்.

அந்தக் கிரீடங்கள் பழசாகி எங்கேயோ கோயில் பின்கட்டில் கிடக்கின்றன என்று நினைக்கிறேன். பெட்டகம் அண்ணா, அவற்றைக் காப்பாற்ற வழியுண்டா?

---

பெட்டகம் எழுதியது:

உண்டு. யாரும் புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள், பசை போட்டு ஒட்டாதீர்கள். உதிர்ந்த துண்டுகளை ஒரு உறையில் போட்டு எந்தக் கிரீடத்துடையது என்று எழுதி வையுங்கள். தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். மீதியை நேரில் வந்து பார்க்கிறேன்.

---

ரைஸ்தோர்ப் பெரியவர் எழுதியது:

எங்கள் கோயில் பின்கட்டில் இரண்டு மூன்று இருக்கின்றன. போன மாதம் வெள்ளையடிக்கும்போது தூக்கிப் போடச் சொன்னார்கள், நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வா தம்பி, சாவி என்னிடம்தான் இருக்கிறது.

---

நார்த்டேல் டீச்சர் எழுதியது:

எல்லோருடைய பதிலையும் வைத்துக் கடிதத்தைத் திருப்பி எழுதினேன். சுருக்கம் இது.

1903இல் ஏடா டேத்தம் அம்மையார் ஊர் மக்களிடம் பணம் திரட்டிப் படங்கள் வாங்கியதில் தொடங்கியது இந்தக் கலைக்கூடம் என்று நினைவூட்டித் தொடங்குகிறேன். ஊர் மக்களின் இடம் என்பதால்தான் ஊர் மக்களில் ஒரு பகுதியினராக வந்து கேட்கிறோம் என்று எழுதியிருக்கிறேன். கெஞ்சல் இல்லை, சண்டையும் இல்லை.

மே 18ஐ ஒட்டிய சனிக்கிழமையில் முற்றத்தில் கோலமும் மணிவேலையும் ஒரே மேசையில். கைவேலை செய்கிற எல்லோருக்கும் சம்பளம். உள்ளே ஒரு அறையில் பெட்டியோடு வருகிறவர்களுக்குப் படமெடுக்கும் மேசை, பொருளை யாரும் வாங்கி வைக்கப்போவதில்லை என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் ஸூலுவிலும் அறிவிப்பு. கூத்துக்காரர் வேஷம் கட்டிக் காட்டுவது மதியத்துக்குப் பிறகு. விளக்கு எங்கே ஏற்றலாம் என்று அவர்களே இடம் சொல்லட்டும். மேலே ஏற முடியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு என்றும் கேட்டிருக்கிறேன். சாப்பாட்டுக் கடைகளை எடுத்துவிட்டேன், தேநீரும் வடையும் நம் பெண்கள் குழு பார்த்துக்கொள்ளும். நடனப் பிள்ளைகள் ஏமாந்துபோகக் கூடாது என்பதால் ஒரு நடனம் மட்டும், படங்கள் இருக்கும் அறையிலேயே, இடம் கொடுத்தால்.

அதற்குப் பிறகுதான் பெரிய கோரிக்கை. மாதம் ஒரு சனிக்கிழமை காலை, நம் பெரியவர்கள் சிலரும் ஸூலு பேசும் பெரியவர்கள் சிலரும் கலைக்கூடத்தின் கல்விப் பிரிவினரோடு உட்கார வேண்டும். சேகரிப்பில் நமக்குத் தெரிந்த பொருள் எது இருந்தாலும் அதைப் பற்றிச் சொல்ல, விளக்க அட்டையில் என்ன எழுதலாம் என்று பேச. ஒரு வருஷம் இப்படி நடந்த பிறகு நேட்டால் கோயில் சிற்பிகளைப் பற்றி ஒரு சின்னக் கண்காட்சி. அதற்குக் கோயில்களில் படமெடுக்கும் வேலையைச் செல்வி பொறுப்பெடுக்கிறாள்.

கையெழுத்துப் போட மூன்று குழுக்களின் தலைவர்களும் ஒத்துக்கொண்டார்கள். கூத்துக்காரர் யாரையாவது தெரிந்தவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். டர்பனிலிருந்து வரும் ஆயாக்களுக்கு ஒரு காம்பி (வேன்) வேண்டும், எண்பது கிலோமீட்டர் பாதை, காலையில் புறப்பட்டு இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். ஓட்டுநர் உரிமம் உள்ளவர்கள் கை தூக்குங்கள்.

---

ஃபீனிக்ஸ் குமார் எழுதியது:

காம்பி என்னிடம் இருக்கிறது. மெரிபேங்க் ஆயாவை வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொள்கிறேன். வழியில் குவாமாஷுவில் மணி கோக்கும் அம்மா ஒருவரையும் ஏற்றிக்கொள்ளலாமா? அவர் பிள்ளையும் நானும் ஒன்றாக வேலை பார்க்கிறோம்.

---

மெரிபேங்க் பேத்தி எழுதியது:

தாராளமாக. ஆயா முன் சீட்டு கேட்கிறார், பெட்டிக்காக.